சிறைக்கும் சந்தைக்கும் நடுவே



கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதங்களோடு நின்றிருந்த காலம் போய்விட்டது. இன்று அது நம் வாலிபர் கூட்டங்களில் எழுகிறது. விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் எழுப்புகிறார்கள். "கனடாவில் கடையிலேயே விற்கிறார்கள், அங்கே என்ன ஊர் அழிந்தா போயிற்று?" என்கிறார்கள். பெரியவர்களாகிய நாம் "அது பாவம்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிட்டு, முடித்ததையே வெற்றி என்று எண்ணிக்கொள்கிறோம். பிள்ளைகள் வாய்மூடுகிறார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் கேட்டுப் பயனில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள்.

ஆகவே இந்த வாரம் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்வோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கஞ்சா விற்பனையை வணிகமாக்குவதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். கஞ்சாப் பழக்கத்தில் விழுந்தவனைச் சிறையில் அடைப்பதையும் அதே மனதோடு எதிர்க்கிறேன். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து இறுதிவரை வாசியுங்கள். "சட்டபூர்வமாக்குதல்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனிக் கேள்விகள் முடிச்சிடப்பட்டுள்ளன. மருந்தாகப் பயன்படுத்தலாமா? பயன்படுத்தியவனைத் தண்டிக்கலாமா? விற்று இலாபம் பார்க்கலாமா? இம்மூன்றுக்கும் ஒரே விடை சொல்கிறவர், ஆதரவாளரானாலும் எதிர்ப்பாளரானாலும், நம்மைக் குழப்புகிறார்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூ, காய் நிறைந்த நுனிப்பகுதியையும் அதன் பிசினையும் தடை செய்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்தத் தடைக்குள் வருவதில்லை. அதனால்தான் வடமாநிலங்கள் சிலவற்றில் இலையை அரைத்துச் செய்யும் பாங் அரசு உரிமம் பெற்ற கடைகளிலேயே கிடைக்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சட்டத்தின் கண்ணுக்குச் சிறிய அளவு. 20 கிலோ முதல் வணிக அளவு. சிறிய அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வணிக அளவுக்குப் பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை. புகைத்தது மட்டுமே குற்றமானாலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரே செடியின் இலை கடையிலும் பூ சிறையிலும் கொண்டுபோய் விடுகிற நாட்டில் வாழ்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மருந்து என்னும் கேள்வி

விசுவாசிகளில் சிலர் இதற்கும் "கூடாது" என்றே விடை சொல்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயோடு திராட்சரசத்தையும் வார்த்த சமாரியனை நம் ஆண்டவர் குறை கூறவில்லை. அவனையே நமக்கு மாதிரியாக நிறுத்தினார். வயிற்று நோயுள்ள இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்குப் பவுல் கொடுத்த ஆலோசனையையும் நீங்கள் அறிவீர்கள். வேதனையைத் தணிக்கும் பொருள், வெறிக்கவும் செய்யும் என்ற காரணத்தாலேயே தீட்டாகிவிடுவதில்லை. நம் மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளுக்கு மார்பின் கொடுக்கப்படுகிறது; அபினியிலிருந்து வரும் அந்த மருந்தை எந்தச் சபையும் எதிர்ப்பதில்லை.

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்ற வேதிப்பொருளை 1964இல் இஸ்ரவேல் நாட்டில் ரஃபேல் மெக்கூலமும் அவரோடு உழைத்தவர்களும் பிரித்தெடுத்தார்கள். அதன் பின் நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பெரியவர்களின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலும் வாந்தியும், நரம்பு நோய் ஒன்றில் வரும் தசை இறுக்கம் ஆகியவற்றுக்கு இச்செடியின் பொருள்கள் பயன்படுகின்றன என்பதற்கு வலுவான சான்று உண்டு என அது கூறியது. 2018இல் குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்காக, போதை தராத சி.பி.டி. என்ற பொருளில் செய்த மருந்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்க 27க்கு 25 என்ற வாக்குகளில் முடிவு செய்தது. நீக்குவதற்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் சட்டமும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஆகவே மருந்தை எதிர்க்காதீர்கள். ஆனால் மருந்து என்றால் என்ன என்பதையும் மறவாதீர்கள். மருந்துக்கு அளவு உண்டு. எழுதிக் கொடுக்கும் மருத்துவர் உண்டு. நிறுத்த வேண்டிய நாளும் உண்டு. வலிப்பு நோயுள்ள குழந்தையின் சொட்டு மருந்தைக் காட்டி வாலிபனின் கையிலுள்ள பொட்டலத்தை நியாயப்படுத்துகிறவர், அந்தக் குழந்தையின் நோயை வாதத்துக்காக இரவல் வாங்குகிறார்.

மருத்துவரும் மக்களும்

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். பொதுமக்களின் கருத்து ஒரு வேகத்தில் ஓடுகிறது. மருத்துவர்களின் கருத்து வேறொரு வேகத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் காலப் நிறுவனம் 1969இல் கேட்டபோது 12 விழுக்காட்டினரே சட்டபூர்வமாக்கலை ஆதரித்தார்கள். 2023இல் அது 70 விழுக்காடு. ஆனால் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2015இல் சட்டபூர்வமாக்கலை எதிர்த்தது. கனடா தன் சட்டத்தை இயற்றியபோது, அந்நாட்டு மருத்துவர் சங்கம் குறைந்தபட்ச வயதை 21 ஆக வைக்கவும், 25 வயது வரை அளவுக்கும் வீரியத்துக்கும் வரம்பு விதிக்கவும் கேட்டுக்கொண்டது. நடுவண் அரசு 18 என்று வைத்தது. 2018 அக்டோபர் 17 முதல் அச்சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பின்னர் கியூபெக் மாகாணம் மட்டும் 2020இல் வயதை 21 ஆக உயர்த்தியது.

மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? வளரும் மூளையின் பொருட்டே. 2019இல் லான்செட் மனநல இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துகிறவர்களுக்குக் கடும் மனநோய் வரும் வாய்ப்பு ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைவிட மூன்று மடங்கு என்றும், வீரியம் மிகுந்த வகையை நாள்தோறும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும் கண்டது. எது காரணம், எது விளைவு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. பயன்படுத்துகிற பெரும்பாலோருக்கு மனநோய் வருவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் செடி பழைய செடியாக இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் சராசரி 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி., 2014இல் 12 விழுக்காடாயிற்று. கடைகளில் விற்கும் வடித்தெடுத்த வகைகளில் அது 60 விழுக்காட்டையும் தாண்டுகிறது. "நம் முன்னோர் பயன்படுத்தாததா?" என்று கேட்கும் தம்பிக்கு இதுவே என் பதில்: உன் முன்னோர் கண்டது வேறு பொருள்.

நம் பக்கத்தாரும் நேர்மையாக இருக்க வேண்டும். கஞ்சாவைத் தொட்டவுடன் பைத்தியம் பிடிக்கும் என்ற மிகைப்பேச்சு புதிதல்ல. 1893இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு அன்பர்கள் எழுப்பிய குரலால் இந்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. ஏழு பேர் கொண்ட அந்த ஆணையம் ஏறத்தாழ 1,200 சாட்சிகளை விசாரித்தது; அவர்களில் மிஷனரிகளும் இருந்தார்கள். மனநலக் காப்பகப் பதிவேடுகளில் "காரணம் கஞ்சா" என்று எழுதியிருந்தவற்றில் பலவும் சரியான விசாரணையின்றி எழுதப்பட்டவை என்று அது கண்டறிந்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியான பயன்பாடே கேடு, முழுத்தடை தேவையில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்று முடிவுரைத்தது. அந்த அறிக்கையை இன்றைய சூழலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதில் நமக்கு ஓர் எச்சரிக்கை உண்டு: நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன மிகை, வெளிப்பட்ட நாளில் நல்ல நோக்கத்தையும் சேர்த்தே கவிழ்க்கும். ஒரு பொய்யைப் பிடித்துவிட்ட பிள்ளை, நாம் சொன்ன ஒன்பது உண்மைகளையும் அதோடு குப்பையில் போடுவான். சத்தியத்தின் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர்கள் அளவுக்கு மீறிப் பேசக்கூடாது.

தண்டனை என்னும் கேள்வி

இனி என் சொந்தச் சபையாரிடமே கடிந்து பேச வேண்டியவனாகிறேன். "பிடித்து உள்ளே போடட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்று ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசுகிறவர்களே, உள்ளே போகிறவன் யார் என்று பார்த்ததுண்டா? தமிழ்நாட்டில் "கஞ்சா கேஸ் போட்டுவிடுவேன்" என்பது ஒரு மிரட்டலாகவே வழக்கில் இருக்கிறது. சினிமா வசனத்திலும் தேநீர்க்கடைப் பேச்சிலும் அதைக் கேட்டிருப்பீர்கள். அந்த மிரட்டல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? பெரிய வீட்டுப் பிள்ளையை நோக்கியா? வழக்கறிஞரை அமர்த்த வழியில்லாத, முகவரி கேட்டால் குடிசைப் பகுதியின் பெயரைச் சொல்லுகிற பையனை நோக்கித்தான். ஒரு சட்டம் பலவீனனை மிரட்டும் கருவியாகப் பேச்சுவழக்கிலேயே பதிந்துவிட்டது என்றால், அதை நீதி என்று அழைக்க நம் நாவு கூச வேண்டாமா?

இது நம் ஊரின் கதை மட்டுமன்று. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில் கஞ்சா பயன்படுத்தினாலும், அதை வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு அதிகம் என்று காட்டியது. தண்டனை எங்கும் பாவத்தின் அளவைப் பார்த்து விழவில்லை. தெருவைப் பார்த்து விழுகிறது.

சிறைக்குப் போன பத்தொன்பது வயதுப் பையன் திரும்பி வரும்போது என்ன கொண்டு வருகிறான்? புத்தியா? உள்ளே கிடைத்த பெரிய வியாபாரியின் அறிமுகத்தைக் கொண்டு வருகிறான். காவல்துறைச் சான்றிதழ் கேட்கும் வேலை ஒன்றும் இனி அவனுக்கு இல்லை. கடவுச்சீட்டுக்கும் தடை. மீந்திருப்பது அந்த அறிமுகம் ஒன்றுதான். நாம் ஒரு நோயாளியை அனுப்பி ஒரு வியாபாரியைப் பெற்றுக்கொள்கிறோம்.

முன்பு குறிப்பிட்ட அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். சட்டபூர்வமாக்கலை எதிர்த்த அதே 2015 அறிக்கையில், பயன்படுத்திய இளையோரைக் குற்றவாளியாக்கும் கடுந்தண்டனைகளை நீக்கவேண்டும் என்றும் அவர்கள் கேட்டார்கள். பிள்ளைகளின் மூளையையும் காக்க வேண்டும், எதிர்காலத்தையும் காக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். மருத்துவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. இரக்கத்தையும் பரிசுத்தத்தையும் சேர்த்துப் பிரசங்கிக்கும் நமக்கு ஏன் முடியவில்லை?

போர்ச்சுகல் 2001 ஜூலை முதல் இவ்வழியில் நடக்கிறது. அங்கே போதைப்பொருள் விற்பவன் இன்றும் குற்றவாளியே. சொந்தப் பயனுக்குச் சில நாள் அளவு வைத்திருந்தவனோ நீதிமன்றத்துக்குப் போவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்கள் அமர்ந்த குழுவின் முன் நிற்கிறான். அவர்கள் அவனோடு பேசி, தேவையானால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். விற்கக் கடையும் இல்லை, அடைக்கச் சிறையும் இல்லை. ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள்தான் உண்டு என்று யார் சொன்னது?

வணிகம் என்னும் கேள்வி

இப்போது மறுபக்கத்தாரிடம் திரும்புகிறேன். "வரி வரும், வேலைவாய்ப்பு வரும்" என்பது அவர்களுடைய வலிமையான வாதம். தமிழ்நாட்டாரிடமா இதைச் சொல்கிறீர்கள்? 2003 முதல் அரசே மதுக்கடை நடத்தும் மாநிலம் இது. 2023-24 நிதியாண்டில் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தேர்தல் தோறும் மதுவிலக்கு வாக்குறுதி எழுவதையும் அடங்குவதையும் பார்த்திருக்கிறோம். ஏன் அடங்குகிறது? ஒருமுறை கருவூலம் ஒரு போதையின்மேல் சாய்ந்துவிட்டால், பிறகு அரசே அந்தப் போதைக்கு அடிமையாகிறது. குடிப்பவனுக்காவது மறுவாழ்வு மையம் உண்டு. வருவாய்க்கு அடிமையான அரசை எந்த மையத்தில் சேர்ப்பது?

"கடை திறந்தால் கள்ளச்சரக்கு ஒழியும்" என்கிறார்கள். தெருவுக்குத் தெரு அரசு மதுக்கடை இருந்த மாநிலத்தில்தான் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கள்ளச்சந்தை ஓரளவு சுருங்கலாம். கனடாவில் சுருங்கியும் இருக்கிறது. ஆனால் கடையின் விலையைக் கொடுக்க இயலாத ஏழைக்காக அது எப்போதும் ஒரு மூலையில் காத்திருக்கிறது.

இந்த வணிகத்தில் பணம் போட்டவர்கள் யார் என்று பாருங்கள். 2018இல், கனடா கதவைத் திறந்த அதே ஆண்டில், மார்ல்போரோ சிகரெட்டின் உரிமையாளரான ஆல்ட்ரியா 180 கோடி டாலருக்குக் கனடியக் கஞ்சா நிறுவனம் ஒன்றில் 45 விழுக்காட்டுப் பங்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் கொரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் நிறுவனம் 400 கோடி டாலரை இன்னொரு கஞ்சா நிறுவனத்தில் கொட்டியது. நோயாளிகளின் வேதனை கண்டு உருகியா வந்தார்கள்? புகையிலையில் கற்ற பாடம் இங்கும் பலிக்கும் என்று கணக்குப் பார்த்து வந்தார்கள்.

அந்தக் கணக்கு எளிமையானது. கொலராடோ மாநில அரசுக்காக 2014இல் செய்த சந்தை ஆய்வில், பயன்படுத்துகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே மொத்தக் கஞ்சாவில் மூன்றில் இரண்டு பங்கை நுகர்ந்தார்கள். அவர்கள் நாள்தோறும், அல்லது ஏறத்தாழ நாள்தோறும், பயன்படுத்துகிறவர்கள். அதாவது, எப்போதோ ஒருநாள் பயன்படுத்தும் "பொறுப்புள்ள பெரியவர்" விளம்பரத்தில் சிரிக்கிறார். கடையின் வாடகையைக் கட்டுகிறவனோ விட நினைத்தும் விட முடியாதவன். அவன் குணமடைந்தால் வணிகத்துக்கு நட்டம். ஒருவன் விடுதலையாவது இன்னொருவனுக்கு இழப்பாக அமைந்த எந்தத் தொழிலையும் நாம் ஆசீர்வதிக்க முடியாது.

பிலிப்பி பட்டணத்தில் நடந்ததை நினைவுகூருங்கள். ஆவியின் பிடியில் இருந்த அடிமைப்பெண்ணின் கட்டு, அவளுடைய எஜமான்களுக்கு வருமானமாக இருந்தது. அவள் விடுதலையான நாளில் அவர்கள் மகிழவில்லை. வருமானம் போயிற்றே என்று கொதித்தார்கள். விடுவித்தவர்களைச் சந்தைவெளிக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கிருந்து சிறைக்கு அனுப்பினார்கள். சந்தையும் சிறையும் அந்தப் பட்டணத்தில் கைகோத்து நின்றன. இன்றும் அப்படியே நிற்கின்றன. ஆபகூக் தீர்க்கதரிசியையும் வாசித்துப் பாருங்கள். அவருடைய சாபச்சொல் வெறித்துக் கிடக்கிறவன்மேல் விழவில்லை. அயலானின் கிண்ணத்தை நிரப்பியவன்மேல் விழுகிறது. நம் சட்டமோ வெறித்தவனை எளிதாகப் பிடிக்கிறது. நிரப்பியவன் பெரியவனானால் அவனுக்குப் பங்குச்சந்தையில் இடம் தேடுகிறது.

"கனடாவில் ஊர் அழிந்தா போயிற்று?" என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். அழியவில்லை. கொலராடோவிலும் பதின்ம வயதினரின் பயன்பாடு, பலர் அஞ்சியதுபோல் திடீரென ஏறிவிடவில்லை. இதை மறைத்துப் பேசுகிறவர் வேண்டுமானால் கைதட்டல் பெறுவார், நம்பிக்கையைப் பெறமாட்டார். ஆனால் வேறொன்று நடந்தது. கஞ்சா கலந்த மிட்டாய்களையும் இனிப்புகளையும் விற்க அனுமதித்த கனடிய மாகாணங்களில், அவற்றைத் தெரியாமல் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளின் எண்ணிக்கை பெருகியது. மிட்டாய் வடிவத்தைத் தடை செய்த கியூபெக்கில் அந்தப் பெருக்கம் வெகுவாகக் குறைவு. கேடு செடியில் மட்டும் இல்லை, அதை இனிப்பாக்கி விற்கும் ஆசையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? தாய்லாந்து 2022 ஜூனில் கட்டுப்பாட்டை நீக்கியது. ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பின்வாங்கியது. திறந்த கதவை மூடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மூன்று ஆண்டுகள் கற்பிக்கின்றன.

"மதுவும் புகையிலையும் கஞ்சாவைவிடக் கொடியவை, அவற்றை விற்கும்போது இதை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?" இதுவே கடைசிக் கேள்வி. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி அதிலிருந்து பிறப்பதில்லை. வீட்டில் இரண்டு பாம்புகள் நுழைந்துவிட்டன என்பது மூன்றாவதற்குக் கதவு திறக்கக் காரணமாகுமா? ஆனால் இந்தக் கேள்வி நம்மைக் குத்த வேண்டிய ஓர் இடம் உண்டு. கஞ்சா பிடித்த பையனைச் சபையைவிட்டு விலக்கி, மாலையில் மது அருந்தும் பெரிய மனிதரைத் திருமண வீட்டில் முன்வரிசையில் அமர்த்துகிற சபைக்கு, இந்தக் கேள்வியை எதிர்கொள்ளத் தகுதியில்லை.

நம் பங்கு

2019இல் இந்தியச் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் கஞ்சாச் செடியின் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 72 லட்சம் பேருக்கு உதவி தேவை என்றும் கணித்தது. மது அருந்துவோர் 16 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. சட்டபூர்வமாக்கு என்பவர்களும் தூக்கில் போடு என்பவர்களும் குரலுயர்த்தும் வேளையில், சிகிச்சை கிடைக்காத அந்த 37 பேர் வழியோரத்தில் கிடக்கிறார்கள். ஆசாரியனும் லேவியனும் ஒருவேளை இப்படித்தான் வாதாடிக்கொண்டே கடந்து போயிருப்பார்கள்.

ஆகவே சிலவற்றை உங்களிடம் கேட்கிறேன். முதலாவது, நம் சட்டத்திலேயே உள்ள ஒரு வாசலை அறிந்துகொள்ளுங்கள். போதைக்கு அடிமையாகி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அவரை வழக்கிலிருந்து விடுவிக்க 64-ஏ என்ற பிரிவு வழி செய்கிறது. இதை அறியாத தாய்மார் எத்தனை பேர் நகையை அடகு வைத்து அலைகிறார்கள்! நம் சபைகளில் வழக்கறிஞர்கள் உண்டு. மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கட்டும்.

இரண்டாவது, 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். ஊழியக்காரருக்குச் சொல்ல வெட்கப்படுகிற மகன் அந்த எண்ணுக்குச் சொல்லக்கூடும். "ஜெபித்தால் போதும்" என்று சொல்லி மருத்துவரிடமிருந்து யாரையும் தடுக்காதீர்கள். ஜெபியுங்கள், பிறகு மருத்துவமனைக்குத் துணையாகவும் போங்கள்.

மூன்றாவது, உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரே குரலில் இரண்டையும் கேளுங்கள்: பயன்படுத்தியவனைச் சிறைக்கு அனுப்பும் பிரிவை மாற்றுங்கள், போதையை வருவாயாக்கும் இன்னொரு கடையைத் திறக்காதீர்கள். ஒன்றை மட்டும் கேட்டால், கேட்டவர் எந்தக் கட்சி என்று பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்று பார்ப்பார்கள்.

கடைசியாக, வீட்டில் கேள்வி கேட்கும் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். அவனுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக நீங்கள் அறிந்துகொண்டு, அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். அவன் ஏற்கெனவே விழுந்திருந்தால், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பி வரலாமா என்று முடிவு செய்வான். தூரத்தில் வரும்போதே ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட ஒரு தகப்பனின் கதையை நாம் ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். அந்தத் தகப்பன் மகனைக் காவலரிடம் ஒப்படைக்கவில்லை; மகன் சீரழிந்த தூரதேசத்தில் தாமும் ஒரு கடை திறக்கவில்லை. வீட்டின் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

கட்டுண்டவர்களை விடுவிக்கிற கர்த்தர், நம் தெருக்களில் கட்டுண்டு கிடக்கிற பிள்ளைகளைக் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.